புளியங்கட்டை

வேலூர் வெயிலைத் தின்று வளர்ந்தவனுக்கு
அடுப்பு வேறு எதற்கு என்று கேட்பவர்கள்
மார்கழியில் ஒருநாள் பள்ளிகொண்டாவுக்கு வந்து
விடிகாலைத் தொட்டித் தண்ணீரை
முதுகில் ஊற்றிக்கொள்ளட்டும்.
பிறகு பேசலாம்.

சாலையை அகலப்படுத்தியபோது விழுந்த மரம்.
பட்டையில் வெள்ளைப் பெயின்ட்டில் 217.
ஏலத்தில் எடுத்த நிசார் பாயிடம்
அரை டன் வாங்கினேன்.
ராத்திரியெல்லாம் எடைமேடையில் உட்கார்ந்து
லாரிகளின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவன் நான்.
எனக்கே தண்ணீரை நிறுத்துக் கொடுத்துவிட்டார்.
வெட்டுவாயில் கை வைத்தால் ஈரம்,
முகர்ந்தால் லேசாகப் புளிப்பு.

வைகாசியில் அடுக்கியது.
தகரத்துக்குக் கீழே, காற்று போக இடம் விட்டு,
குறுக்கும் நெடுக்குமாக.
அடுக்கில் இரண்டு தேள், ஒரு ஓணான்,
பக்கத்து வீட்டுக் கோழியின் களவு முட்டை நான்கு.
அவ்வப்போது இரண்டு கட்டையை மோதிப் பார்ப்பேன்:
'பொத்' என்றால் இன்னும் போதை தெளியவில்லை,
'டங்' என்றால் தயார்.

புளி லேசில் பிளந்து கொடுக்காது.
வேலிக்காத்தான் குத்தும், ஆனால் ஒத்துக்கொள்ளும்.
சவுக்கு சொன்ன சொல் கேட்கும்.
இது முறுக்கிக்கொண்டு நிற்கும்,
பெண் கொடுக்க மனமில்லாத மாமனாரைப் போல.
கோடரியைக் கவ்விக்கொண்டு திருப்பித் தராது.
ஆப்பை வைத்து, சம்மட்டியை ஓங்கி,
ஒன்று, இரண்டு, ஏழு...
எட்டாவதில் உள்ளே எங்கோ
ஒரு நார் விட்டுக்கொடுக்கும் சத்தம்.
உண்மையைச் சொன்னால்
அந்தச் சத்தத்துக்காகத்தான்
கேஸ் சிலிண்டர் இருக்கிற வீட்டில் இத்தனையும்.

ஒரு கட்டையில் மட்டும் கோடரி 'கிணிங்' என்றது.
முனையில் அரிசியளவு சில்லு பெயர்ந்தது.
உள்ளே ஆணி.
எந்தக் கட்சியின் தட்டிக்கோ,
மூலத்துக்கு வைத்தியம் சொன்ன பலகைக்கோ
அடித்தவன் போய்விட்டான்.
மரம் விழுங்கி வைத்துக்கொண்டது.
அதைப் பிளக்காமல் ஓரமாகப் போட்டேன்.

ரேணுகா ஆம்பூர் ஷூ கம்பெனியில்.
ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும்.
எனக்கு எட்டுக்கு டூட்டி.
காலையில் நான் திரும்பும்போது
பைபாஸில் அவள் பஸ் எதிரே வரும்;
எந்த ஜன்னல் என்று தெரியாமல்
பொதுவாகக் கையாட்டுவேன்.
ஆக, எங்களுக்கு வாய்த்தது நாளுக்கு ஒரு மணி நேரம்.
அதில் பாதி அடுப்பு முன்னால்.

ஆறரைக்கே ஆரம்பித்துவிடுவேன்.
அடியில் பன்னாடை, மேலே சுள்ளி,
அப்புறம் விரல் கனம், அப்புறம் மணிக்கட்டுக் கனம்.
அவசரப்பட்டுப் பெரியதை ஏற்றினால்
புகைந்து பழிவாங்கும்.
சைக்கிள் பம்பின் உடம்புதான் ஊதுகுழல்.
கண் கரிக்கும், மூக்கு ஒழுகும்.
பிடித்துக்கொண்ட பின் ஊதக் கூடாது.
சும்மா இருக்க வேண்டும்.
அதுதான் கஷ்டம்.

செருப்பைக் கழற்றுமுன் கைகளை நீட்டுவாள் நெருப்புக்கு.
விரல்களில் சொல்யூஷன் நாற்றம்.
"இன்னா, இன்னிக்கி புளியா?"
வாசனையிலேயே கண்டுபிடிப்பாள்.
அண்டாவில் தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கும்.
பல நாள் பேச ஒன்றும் இருக்காது.
ஒரு கட்டையை அவள் உள்ளே தள்ளுவாள்,
ஒன்றை நான்.

நேற்று அந்த ஆணிக்கட்டையை
முழுசாகச் செருகிவிட்டுக் கிளம்பினேன்.
217-இல் 7 மட்டும் அதில் ஒட்டியிருந்தது.
பெயின்ட் கொப்புளித்ததைப் பார்த்தேன்,
எரிந்து முடிந்ததைப் பார்க்க நேரமில்லை.

இன்று காலை வீடு பூட்டியிருந்தது.
பின்புறம், சாம்பல் போர்த்திய தணல்.
மேலே அண்டா,
கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர்.
சிமெண்ட் லாரிகளின் இரவு முழுவதையும்
செம்பு செம்பாக மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டு
கண்ணை மூடியபடி துண்டைத் தேடினேன்.

சுவரில், நேற்று வரை ஒன்றும் இல்லாத இடத்தில்,
கல்லால் தட்டி நிமிர்த்திய,
நீலம் பாய்ந்த ஓர் ஆணி.
துண்டு அதில் தொங்கியது.